நகம் இறங்காத டயர்

பழைய டயர் கடையில் நடேஷ் மூன்று டயர்களைத் தரையில் உருட்டிவிட்டான். பச்சமுத்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் நகத்தை ஊன்றிப் பார்த்தான்.

"இன்னாண்ணே, மாம்பழம் வாங்குற மாதிரி அழுத்திப் பாக்குறீங்க?" என்று நடேஷ் சிரித்தான்.

பச்சமுத்து சிரிக்கவில்லை. நாற்பத்தோரு வயதில் முதல்முறையாக டயர் வாங்க வந்திருக்கிறான். ஏமாந்துவிடக் கூடாது.

"வெல சொல்லு தம்பி."

"இது புதுசு. ரெண்டாயிரத்துக்குப் பக்கம் வரும். இது ஓடுனது, பாதி தேஞ்சிருக்குது, ஆனா ரப்பர் நல்ல ரப்பர். எண்ணூறு. அந்தக் கோடியில கெடக்குறது ஓடவே இல்ல, கடையிலயே தங்கிப்போனது. அதுவும் எண்ணூறுதான்."

"ஓடுனதும் எண்ணூறு, ஓடாததும் எண்ணூறா?"

"அது ரொம்ப நாளா கெடக்குதுண்ணே. காஞ்சிருக்கும். என்னக் கேட்டா ஓடுனத எடுத்துக்கங்க."

புதியது அவனுக்கு ஆகாது. மிச்சம் இரண்டு. ஓடின டயரில் நகம் இறங்கியது. எடுத்ததும் பள்ளம் மெதுவாக நிரம்பியது. ஓடாத டயரில் நகம் வழுக்கியது. கறுப்பு பாலிஷ் போட்டு அது பளபளவென்றிருந்தது, மேலே இருந்த ரப்பர் பட்டன்கள் ஒன்றுகூடத் தேயவில்லை. விரல் முட்டியால் தட்டினான். டங்கென்று சத்தம் வந்தது.

அவன் முகம் தெளிந்தது.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகச் சூளை வாசலில் சரக்குப் பிரிக்கிறான் பச்சமுத்து. வெந்து வரும் பியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்ட வேண்டும். கணீரென்றால் நல்லது. சத்தம் செத்திருந்தால் கழிவு. சந்தேகம் வந்தால் நகத்தால் கீற வேண்டும். கோடு விழுந்தால் வேகாத சரக்கு. அதற்காகவே வலது கட்டைவிரல் நகத்தை அவன் ஒட்ட வெட்டுவதில்லை. கம்பெனியில் முதலாளிகூட அந்த நகத்துக்கு எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை. அவனிடம் சொந்தமாக இருந்த பெருமை அது ஒன்றுதான்.

"இதையே குடு" என்று ஓடாத டயரைக் காட்டினான்.

"அண்ணே, நான் சொல்றத..."

"பதினெட்டு வருஷமா இதான் எனக்கு வேல. வெந்தது எது வேகாதது எதுன்னு எனக்கே சொல்லித் தர்றியா?"

"பீங்கான் வேற, ரப்பர் வேறண்ணே."

"எதா இருந்தாலும் உறுதியா இருக்கணும். மெத்துன்னு இருந்தா அதுக்குப் பேரு தலகாணி."

நடேஷுக்கு அது விற்றுத் தள்ள முடியாமல் கிடந்த சரக்கு. எடுக்கிறேன் என்று ஒருவன் பிடிவாதம் பிடிக்கும்போது எத்தனை தடவைதான் வேண்டாம் என்று சொல்வது? நடேஷ் தோளைக் குலுக்கினான்.

"உங்க இஷ்டம்ண்ணே. ஆனா திருப்பிக் கொண்டாந்தா எடுத்துக்க மாட்டேன்."

டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பெனி வாசலுக்கு நடந்தான். அன்று சனிக்கிழமை, மாதத்துக்கு ஒருநாள் வரும் முழுநாள் மின்தடை. மெஷின் ஓடாததால் மத்தியானமே விட்டுவிட்டார்கள். கம்பெனி வேன் மூன்று மணிக்கு. மற்ற நாட்களில் சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஐந்து மணிக்கே போய்விடலாம். வேனில் வருகிறவர்கள் சூளை காலியாகும்வரை வேலை பார்க்க வேண்டும், வேன் அப்போதுதான் கிளம்பும். எட்டும் ஆகும், ஒன்பதும் ஆகும். அதற்குப் பிறகு அவன் ஊருக்குப் பஸ் கிடையாது. கம்மாபுரத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அதனால் வேன் கிளம்பும்போதுதான் அவனும் கிளம்ப முடியும். காலையில் வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும் என்பதால் பதினெட்டு வருஷமாக அவன் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டிப் பழகவில்லை.

"இன்னாடா முத்து, இன்னொரு பொண்ணு கெடச்சிட்டாளா? மாலைய நீயே எடுத்துட்டு வந்துட்ட!" என்றாள் அம்புஜவல்லி, வேனுக்குள்ளிருந்து. பீங்கானைக் கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சில் முக்கும் இடத்தில் வேலை செய்பவள். அவனைவிடப் பத்து வயது மூத்தவள்.

"மச்சானுக்குக்கா. வாங்கியாரச் சொன்னான்."

பொய். மச்சானின் வண்டியைத்தான் அவன் வாங்கியிருந்தான். பச்சமுத்துவின் மனைவி ஆண்டாளின் இரண்டு ஆடுகள் அந்த பைக்காக மாறி மூன்று வாரம் ஆகியிருந்தது. பின்டயர் மட்டும் மொட்டை, உள்ளே நூல் தெரிந்தது.

வேனில் இருந்தவர்களிடம் உண்மையைச் சொல்ல முடியாது. வேறு இடம் தேடிப் போய்விட்டுத் திரும்பி வந்தவனை முதலாளி சேர்ப்பதில்லை. போகிற இடம் நிலைக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

போகிற இடம் சுரங்கத்துப் பக்கம். அங்கே ஒரு கான்ட்ராக்டரிடம் தண்ணீர் மோட்டாருக்குக் காவல் இருக்கும் வேலை. சம்பளம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் தூசி கிடையாது. தைப்பொங்கலில் ஆரம்பித்த இருமல் ஆடி பிறந்தும் நிற்கவில்லை. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "மருந்து தர்றேன். ஆனா அந்தத் தூசிக்குள்ளயே நின்னீங்கன்னா மருந்து வேல செய்யாது. வேற பொழப்பு பாருங்க."

கான்ட்ராக்டரின் சூப்பர்வைசரும் சுற்றி வளைக்கவில்லை. "திங்கக்கிழம காலையில ஆறு மணிக்கு கேட்ல நிக்கணும். சொந்த வண்டி வேணும். நாங்க வேன்லாம் உட மாட்டோம். ஆறு அடிச்சுதுன்னா அடுத்த ஆளு."

ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பஞ்சர் கடைக்காரன் அந்த டயரை ரிம்மில் ஏற்றுவதற்குள் வேர்த்துப்போனான். கடப்பாரை மாதிரி லிவரைப் போட்டு நெம்பினான்.

"இன்னாண்ணே டயரு இது, இரும்புல செஞ்சதா?"

பச்சமுத்து அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

சாயந்திரம் காய்ந்துகிடந்த ஏரிக்குள் நாலு சுற்று ஓட்டினான். மூன்று வாரமாக அவன் விழுந்துவிடாமல் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்த ஆண்டாள் இன்று கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே என்னால ஓடியார முடியாது சாமி. எனக்கு மூச்சு வாங்குது."

"எனக்கு ஒக்காந்துகிட்டே வாங்குதே" என்றான். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவனுக்கு இருமல் வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"நாளைக்கு பொறுமையாப் போங்க. அவசரம் வேணாம்."

"ஆறு மணிக்கு நிக்கணும்டி. அவசரம்தான்."

திங்கட்கிழமை விடியும்முன் தூறல் போட்டது. பெரிய மழை இல்லை, மண் வாசனை கிளம்பும் அளவுக்குத்தான். ஐந்தே காலுக்குச் சோற்று டப்பாவை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். வேன் அவன் வீட்டு வாசலுக்கு வர இன்னும் முக்கால் மணி இருந்தது. கேட்டால் காய்ச்சல் என்று சொல்லச் சொல்லி ஆண்டாளிடம் சொல்லியிருந்தான்.

மண் ரோட்டில் ஒன்றும் ஆகவில்லை. தார் ரோட்டில் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் லேசாக விலகியது. யாரோ கேரியரைப் பிடித்து இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. நிமிர்த்திக்கொண்டான். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் விலகியது. ரோடெல்லாம் லாரி சிந்திய மண், தூறலில் நனைந்து வழவழப்பாகக் கிடந்தது. சரக்கு உறுதியான சரக்குதான், தனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்தான். வேகத்தைக் குறைத்தான். நடந்து போகிறவர்கள் முந்திவிடுவார்கள் போலிருந்தது. மணி ஐந்து நாற்பது. இன்னும் ஐந்து கிலோமீட்டர்.

கொஞ்சம் முறுக்கினான்.

வளைவில் எதிரே வேன் வந்தது. கிழக்கே தள்ளியிருந்த ஊர்களில் ஆள் ஏற்றிக்கொண்டு அவன் ஊரைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அந்த ரோட்டில்தான் வேன் வரும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. பதினெட்டு வருஷமாக அவன் அதற்குள் ஏறியிருக்கிறான், எதிரே வந்ததில்லை, அவ்வளவுதான். விளக்கு முகத்தில் அடித்தது. டிரைவர் தமிழ்செல்வன் அவனைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தான். வேன் நிற்கப்போகிறது என்றதும் பச்சமுத்துவின் காலும் தானாக பிரேக்கை மிதித்தது.

பின்டயர் பிடிக்கவில்லை. பீங்கான் தட்டு சிமெண்டுத் தரையில் சறுக்குகிற மாதிரி சறுக்கியது. வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம்.

வேனிலிருந்தவர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். கை கால் முறியவில்லை. முழங்கால் கிழிந்திருந்தது. வலது கட்டைவிரல் நகம் பாதிக்கு மேல் பெயர்ந்து தொங்கியது.

"ஏண்டா, வேனுக்கு எதுக்க வுழுந்தாத்தான் நிறுத்துவோமா? கை காட்டுனாலே நிறுத்துவோமே" என்றாள் அம்புஜவல்லி, தன் முந்தானையைக் கிழித்து விரலைச் சுற்றியபடி.

தமிழ்செல்வன் வண்டியைத் தூக்கி ஓரத்தில் சாய்த்தான். ஹேண்டில் கோணியிருந்தது. பின்டயரைத் தடவினான். பிறகு செல்போன் வெளிச்சத்தில் அதன் பக்கவாட்டைப் படித்தான்.

"யாருண்ணே உன் தலையில கட்டுனது? இந்தா நாலு நம்பரு இருக்குது பாரு, பதிமூணு பதினாலு. பதினாலாம் வருஷம் பதிமூணாவது வாரம் செஞ்சது. பதினொரு வருஷத்து டயரு. கல்லாப் போச்சு. ரப்பர் மெத்துன்னு இருந்தாத்தான ரோட்டப் புடிக்கும்?"

"யாரும் கட்டல. நாந்தான் எடுத்தேன்" என்றான் பச்சமுத்து.

பீங்கானுக்கு வயதில்லை. நூறு வருஷம் கிடந்தாலும் வெந்தது வெந்ததுதான். டயருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தான்.

"அது சரி, விடியக்காலம் இந்தப் பக்கம் எங்க கெளம்புன?" என்று கேட்டான் தமிழ்செல்வன்.

"வண்டி பழகலாம்னு."

"சோத்து டப்பாவோடயா?"

அந்த ரோடு எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். சிதறிய சோற்றைப் பார்த்தாள் அம்புஜவல்லி. பிறகு தமிழ்செல்வனை முறைத்தாள்.

"பழகத்தான் வந்தான்னு சொல்றான்ல? கம்பெனியில போயி வாயத் தொறந்த, அப்புறம் இருக்குது உனக்கு."

பச்சமுத்து தள்ளிப்போய் சூப்பர்வைசருக்குப் போன் போட்டான். வலது கையால் முடியவில்லை, இடது கையால் அழுத்தினான்.

"சார், பச்சமுத்து. வழியில வுழுந்துட்டேன் சார். அரைமணி நேரம் குடுத்தீங்கன்னா நடந்தாவது..."

"வேற ஆளு அஞ்சரைக்கே வந்து நிக்கிறாம்ப்பா. நீ ஆசுபத்திரிக்குப் போ."

அவ்வளவுதான் பேச்சு. வண்டியைப் பக்கத்துக் கொல்லையில் தள்ளி நிறுத்தினார்கள். தமிழ்செல்வன் ஹாரன் அடித்தான். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் அவன் இடம் காலியாகவே இருந்தது. ஏறி உட்கார்ந்தான். வேன் அவன் ஊருக்குள் போனபோது ஆண்டாள் வாசலில் நின்றிருந்தாள், காய்ச்சல் என்று சொல்லத் தயாராக. ஜன்னலில் அவன் முகத்தைப் பார்த்ததும் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

சூளை வாசலில் போர்மேன் கட்டுப்போட்ட விரலைப் பார்த்தார். "நகம் போச்சா? சரி, தட்டி மட்டும் பாரு."

தட்டினான். கணீர். நல்ல பக்கம் வைத்தான். தட்டினான். தூசி எழுந்தது, இருமினான். தட்டினான்.

மத்தியானம் அம்புஜவல்லி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"அந்த டயர மாத்திட்டுத்தான் வண்டியத் தொடணும். கேட்டுச்சா?"

"மாத்தணும்க்கா. ஆனா நம்ம வேன் கெளம்புற நேரத்துல கட பூட்டிருக்கும். ஞாயித்துக்கெழம லீவு."

"அப்ப எப்பதான் போவ?"

அவன் கையிலிருந்த பியூஸ் கட்டையை வைத்துவிட்டு யோசித்தான். அஞ்சு மணிக்குக் கிளம்பினால்தான் டயர் கடைக்குப் போக முடியும். டயர் இருந்தால்தான் அஞ்சு மணிக்குக் கிளம்ப முடியும்.

"அடுத்த கரண்டு கட்டு எப்பக்கா?"

"இப்பதான சனிக்கெழம ஆச்சு. இனிமே அடுத்த மாசந்தான்."

சூளைக் கதவைத் திறந்தார்கள். அடுத்த டிராலி வெளியே வந்தது.