பனிக்குழியில் எலோய்

மரியோலா மலைமேல் பனிக்குழிகள் இன்றும் இருக்கின்றன. கூரை போய்விட்டது, கல் வளைவுகள் மட்டும் நிற்கின்றன. அவற்றில் பெரிய குழியில்தான் எலோய் புதைந்தான்.

குளிர்காலத்துப் பனியைக் குழியில் கொட்டி, மிதித்துக் கெட்டியாக்கி, வைக்கோலால் மூடி, கோடையில் வெட்டி அல்கோய் நகரத்துக்கு விற்பதுதான் அப்போது எங்கள் ஊரின் பிழைப்பு. எலோய் உள்ளே இறங்கி மிதித்துக்கொண்டிருந்தபோது, மேலே குவிந்திருந்த பனி மொத்தமாகச் சரிந்து விழுந்தது. கூட இருந்தவர்கள் தோண்டினார்கள். தோண்டத் தோண்டச் சரிந்தது. பனிப்புயலும் பிடித்துக்கொள்ளவே, விட்டுவிட்டு மலையிறங்கினார்கள். புயல் ஓய்ந்தபோது குழி பாதிக்குமேல் நிரம்பியிருந்தது.

எலோயின் மனைவி ரெமெய், குழிக்குச் சொந்தக்காரரான லெயாந்த்ரேயின் வாசலில் போய் நின்றாள்.

"அவரை எடுத்துக் குடுத்துருங்கய்யா."

"இப்ப தோண்டினா இன்னும் ரெண்டு பேர் போவாங்கம்மா. கோடையில எப்படியும் வெட்டத்தானே போறோம்? பனியில கெடக்கிறவன், கெட்டா போயிடுவான்?"

கோடை வந்தது. வெட்ட யாரும் வரவில்லை. அல்கோயில் ஐஸ் தொழிற்சாலை திறந்துவிட்டார்கள். மலைப் பனியைச் சீந்துவாரில்லை. லெயாந்த்ரே கையை விரித்தார்.

ரெமெய் மண்வெட்டியோடு மலையேறினாள். எலோயின் தம்பி பதிஸ்த் பின்னாலேயே வந்தான். அன்று தோண்டியவர்களில் அவனும் ஒருவன்.

"அண்ணி, நம்ம ரெண்டு பேரால ஆகிற காரியமா இது?"

"ஆகாதுன்னா வீட்டுக்குப் போ. உன்னை யாரு கூப்பிட்டா?"

அவன் போகவில்லை. வெட்டிய பனியைக் கூடை கூடையாகக் கயிற்றில் ஏற்றி வெளியே கொட்டினார்கள். கோடை முடியும் தறுவாயில் எலோயின் கை தெரிந்தது.

விழுந்த இடத்தில் அவன் இல்லை. ஓர் ஆள் உயரத்துக்குப் பனியைக் கையாலேயே குடைந்து, சுவரோரமாக மேலே வந்திருந்தான். விரல்நுனிகள் கிழிந்திருந்தன.

பதிஸ்த் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அப்பவே உசுரு போயிருக்கும்னு நெனச்சோம் அண்ணி. சத்தமே இல்லையே."

"நின்னு கேட்டீங்களாடா?"



அடக்கம் முடிந்ததும் பதிஸ்த் கடல் தாண்டி ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஓரான் நகரத்துக்குப் பிழைக்கப் போனான். பிறகு அவனைப் பற்றித் தகவலே இல்லை. ரெமெய் அல்கோயில் ஒரு நூல் ஆலையில் சேர்ந்தாள். பனி பெய்கிற நாட்களில் வேலைக்குப் போகமாட்டாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே கிடப்பாள். ஆலையிலிருந்து ஆள் வந்து தட்டினாலும் திறக்கமாட்டாள்.