சாமி ஏற்காத மொட்டை

"வீங்கி வீங்கிப் பூசணிக்காயாட்டம் ஆகிகினு போறா, ஒரு கொடம் தண்ணி தூக்கறதுக்கு மூச்சு வாங்குதாம்! சாம்பார்ல பாரு, மறுபடியும் முடி!"

பக்கத்து வீட்டுக் கௌரியம்மாள் கத்தினால் எங்கள் வீட்டுக் குக்கர் விசில்கூடக் கேட்காது. நான் ஒன்றும் ஒட்டுக் கேட்கவில்லை. நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர், அதிலும் ஜன்னல் இருக்கிறது.

"முடியலத்தே. ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்பல இருக்குது," என்றாள் மருமகள் அனிதா. கல்யாணத்தன்று கணீரென்று பேசிய பெண். இப்போது குரல் கட்டிப்போய்க் கரகரவென்று.

"சித்திரை வெயில்ல சொட்டர் போட்டுகினு தூங்கறவளுக்கு ஒடம்பு வலி ஒரு கேடா?"

அது உண்மைதான். திருத்தணி வெயிலில் ஸ்வெட்டர் போட்ட ஒரே பிறவி அவள். தெருவே 'ஊட்டி ராணி' என்று பேர் வைத்திருந்தது. சிரிக்க ஆள் கிடைத்தால் விடுவோமா?

அவள் புருஷன் தணிகைவேல் மலைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், அம்மா எதிரில் வாயே திறக்காதவன். அன்று திறந்தான். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போவட்டாம்மா?"

"முடி கொட்றதுக்கு ஆஸ்பத்திரியாடா? மலை எதுக்குடா இருக்குது?"

ஆடிக் கிருத்திகைக்கு அனிதாவுக்கு மொட்டை போட்டார்கள். சாம்பார்ப் பிரச்சினை தீர்ந்ததென்று கௌரியம்மாளுக்குச் சந்தோஷம். எங்கள் ஊரில் மொட்டைத் தலை ஒரு அதிசயமா? ஆடியில் போட்டால் தீபாவளிக்குச் சீப்பு வைக்கலாம். கூடவே மொட்டை போட்ட எதிர்வீட்டு அம்சா பொங்கலுக்குப் பூ செருகிக்கொண்டாள். அனிதா தலையில் அங்கங்கே பூனை முடி.

"குடுத்த முடிய முருகன் ஏத்துக்கல. வயித்துல வந்ததும் தங்கல. சாமியே ஏத்துக்காதவள நான் எப்படி வச்சுக்கறது?"

"நீ சொல்லு பாவா," என்றாள் அனிதா புருஷனிடம்.

தணிகைவேல் கையிலிருந்த ஆட்டோ சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஜன்னலை நானாகச் சாத்தியது அன்று ஒருநாள்தான்.

அரக்கோணத்துக்குப் பிறந்த வீட்டுக்கே அனுப்பப்பட்டவளை அவள் அண்ணன் கஜபதி ஒரு டாக்டரிடம் காட்டினான். கழுத்தைத் தடவிப் பார்த்தாராம், குளிருதா, மலச்சிக்கலா, தீட்டு அதிகமா என்று கேட்டாராம், ரத்தம் எடுக்கச் சொன்னாராம். தைராய்டு. கழுத்தில் சுரக்க வேண்டியது சுரக்கவில்லை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். மாத்திரை உடம்பில் பிடிப்பதற்குள் இங்கே பெரியவர்கள் பேசி உறவை அறுத்துவிட்டு, பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் பெண் ஷோபனாவைத் தணிகைவேலுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள்.

ஒரு வருஷம் கழித்து அனிதா மலைக்கு வந்தாள். பிடரி வரை முடி, வீக்கம் வற்றிய முகம். ஆட்டோ நிறுத்தத்தில் அவன் எதிரில் நின்றாள். நான் பக்கத்தில் பூ பேரம் பேசிக்கொண்டிருந்தேன், காது மட்டும் அங்கே.

"முடி வளந்துடுச்சே," என்றான்.

"மாத்திர, பாவா. ஒரே ஒரு ரத்த டெஸ்டு." குரல் பழையபடி கணீரென்றிருந்தது. "ஆஸ்பத்திரின்னு மொதல்ல சொன்னதே நீதான்."

அவன் பின்சீட்டைத் துண்டால் தட்டிவிட்டு, "ஏறு, மேல வுட்டுட்றேன்," என்றான்.

"படியில நடந்தே போறேன். இப்ப மூச்சு வாங்கறதில்ல."

ஷோபனா உண்டானதும் கௌரியம்மாள் முதல் வேலையாக அவளை லேபுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனாள், தைராய்டு பார்க்க. எல்லாம் சரியாக இருந்ததாம். பெண் குழந்தை பிறந்த கையோடு தணிகைவேல் திருவாலங்காட்டுக்குத் தனிக்குடித்தனம் போய்விட்டான். அனிதா அரக்கோணத்தில் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். தேடி வந்த ரயில்வே மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டாளாம். ஏன் என்று அம்சா என்னைக் கேட்டாள். என் ஜன்னலிலிருந்து அரக்கோணம் தெரியாது.