ஒன்றரை முழம் குறைந்த பாய்மரம்

1

இந்தக் கதை ஒரு பெஞ்சின் காலிலிருந்து தொடங்கியது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். திருவட்டாற்றில் ஒரு வீட்டுக்குக் கல்யாணக் கடிதம் கொடுக்கப் போயிருந்தேன். நான் உட்கார்ந்த பெஞ்சுக்கு மூன்று கால்கள் சதுரம், ஒன்று மட்டும் உருண்டை. அதென்ன என்று கேட்டேன். "அது வள்ளத்துக்க பாய்மரமாக்கும்" என்று சொல்லிவிட்டு அந்த வீட்டம்மா காப்பி எடுக்க உள்ளே போனார். திரும்பி வந்தபோது பேச்சு வேறெங்கோ போய்விட்டது. கடலைக் கண்ணால் காண முடியாத ஊரில் ஒரு பாய்மரம். மீதி முழுக்க என் கற்பனை.

முதலில் எழுதிய வரி: "இஸ்ரவேலுக்குக் கடல் என்றால் உயிர்." பொய். அடித்துவிட்டேன். இஸ்ரவேலுக்குக் கடல் என்றால் பயம்.

அடுத்தது: "1953ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு நாள், திருவட்டாற்றின் மேல்..."

வேண்டாம். எலிசாவிடமிருந்து தொடங்குகிறேன். கதை அவளுடையது.

2

எலிசா குளச்சல்காரி. அவள் அப்பன் சிலுவைதாசன் கடலில் வள்ளம் ஓட்டுகிறவர். மீன் அறுக்கும்போது கத்தி பாய்ந்து உள்ளங்கை கிழிந்ததால், அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே கம்பவுண்டராக இருந்தவன் இஸ்ரவேல். இரண்டு தடவை கட்டு மாற்றினால் ஆறிப்போகும் காயத்துக்கு அவன் ஏழு தடவை வரச் சொன்னான். ஏழு தடவையும் அவள் போனாள்.

"தண்ணியில கால் வைக்கத் தெரியாதவனுக்கு எனக்க மவள நான் குடுக்க மாட்டேன்" என்றார் சிலுவைதாசன். கொடுக்கவும் இல்லை. அவர்களாகவே கல்யாணம் செய்துகொண்டு, இஸ்ரவேலின் ஊரான திருவட்டாற்றுக்கு வந்துவிட்டார்கள். ஆறு வருஷமாக அப்பன் ஒரு சொல் பேசவில்லை.

[பிள்ளைகள் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, இரண்டு. மூத்தது பள்ளிக்கூடம் போயிருக்கிறது, இளையது தூங்குகிறது. இந்தக் கதையில் அவர்களுக்கு வேலை இல்லை.]

ஏழாம் வருஷம் இஸ்ரவேல் வீட்டு முற்றத்தில் அயினிப் பலகைகளை இறக்கினான். எதற்கு என்று எலிசா கேட்கவில்லை. அப்பன் சொன்ன சொல்லுக்குத்தான் இந்த வள்ளம் என்று அவளுக்குத் தெரியும். திருவட்டாற்று ஆஸ்பத்திரியில் வேலை விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உளியை எடுப்பான். மருந்து அளக்கிற கை. ஒரு பலகையை மூன்று தடவை அளந்தபிறகுதான் அறுப்பான். காதில் பென்சிலும் தலைமுடியில் சீவலுமாக வந்து அவள் முன்னால் நிற்பான்.

"கொள்ளாமா?"

"கொள்ளாம், நல்லாருக்கு" என்பாள் எலிசா.

ஆனால் இரண்டாம் மாதமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வள்ளம் கவிழும்.

3

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. தெரிந்த ஒருத்தி ஆறு மாதம் வாய் திறக்காமல் இருப்பாளா? இரண்டு நாள் எழுதாமல் கிடந்தேன். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. என் கதைகளைப் படித்துவிட்டு என் மனைவி "நல்லாருக்கு" என்று சொல்வாள். எழுதி முடித்த முகத்தோடு ஒருவன் எதிரில் வந்து நிற்கும்போது வேறென்ன சொல்ல முடியும்? அன்று தொடங்கி அந்த "நல்லாருக்கு"வை நான் கொஞ்சம் பயத்தோடுதான் கேட்கிறேன். எலிசா மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது.*

*என் மேல் இருப்பது தீரவில்லை.

தை மாதம் பாய்மரம் நட்டாயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்து, ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணம் பொழிக்குக் கொண்டுபோகலாம் என்றான் இஸ்ரவேல். எலிசா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இஞ்ச பாருங்க. ஒண்ணு சொன்னா கோவிக்கப்பிடாது. இந்த வள்ளம் மறியும்."

"ஆரு சொன்னா?"

"கண்ணு சொல்லுது. பாய்மரம் ஒன்றரை முழம் கூடுதல். மேல்பலகையும் ஒண்ணு அதிகம். காத்துப் பிடிச்சா தலைகீழாட்டு போயிரும்."

இஸ்ரவேல் வள்ளத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எட்டு மாசமா பக்கத்துல நின்னு பாத்தியே. அப்பம் சொல்லப்பிடாதா?"

"நீங்க சந்தோசமா இருந்திய. கெடுக்க மனசு வரல்ல."

"இப்பம் மட்டும் எப்பிடி வந்துது?"

"இப்பம் நீங்க அதுல ஏறப் போறிய."

அவனுக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். "நீ எத்தன மட்டம் வள்ளத்துல போயிருக்க, இவ்வளவு சொல்லதுக்கு?" என்று கேட்டுவிட்டான்.

"ஒரு மட்டமும் இல்ல. எங்க கரையில பெம்பிளைய வள்ளத்த மிதிக்கப்பிடாது. தள்ளி நின்னுதான் பாத்திருக்கேன்."

ஆறு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் அவனுக்கு இது தெரியாது.

4

வள்ளத்தின்மேல் தென்னோலையைப் போட்டு மூடினான். இரண்டு மாதம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சாப்பிட்டான், பேசினான், சிரிக்கவும் செய்தான். காதில் மட்டும் பென்சில் இல்லை. எலிசாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

பங்குனியில் ஒரு நாள் மத்தியானச் சோற்றுக்கு வந்தவன், முற்றத்தில் அறுக்கிற சத்தம் கேட்டு நின்றான். ஓலை விலக்கிக் கிடந்தது. பாய்மரத்தைக் கழற்றித் தரையில் கிடத்தி, முழங்காலால் அமுக்கிக்கொண்டு, எலிசா தனியாக மரம் அறுக்கும் வாளை இழுத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் மரத்தூள்.

[அடித்தது: "அவன் கண்கள் கலங்கின." கலங்கவில்லை. அவன் பார்த்தது வாளைத்தான்.]

"அளந்தியா?"

"அளந்தேன்."

"மூணு மட்டம்?"

"மூணு மட்டம். அந்தத் தலையப் பிடிங்க, வாள் சாயுது."

பிடித்தான். சோறு ஆறிப்போனது.

பிறகு எல்லாம் இருவருமாகத்தான். அறுத்து எடுத்த துண்டை ஒரு பெஞ்சுக்குக் காலாக வைத்தார்கள். மேல்பலகையைக் கழற்றினார்கள். இடுக்குகளில் பஞ்சையும் குங்கிலியத்தையும் திணித்தார்கள். புளியங்கொட்டைத் தோலை அவித்த சாற்றில் பாயை முக்கிக் காயப்போட்டார்கள். கடைசியில் வள்ளம் முழுக்கச் சாளை மீன் எண்ணெய் பூசினாள் எலிசா. அக்கம்பக்கத்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். அவளோ அந்த மணத்தோடு மூன்று நாள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

5

சித்திரை மாதம், தேங்காய்ப்பட்டணம் பொழி. முதல் பிரதியில் சிலுவைதாசனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். "கரையில் கூடியிருந்தவர்களை விலக்கிக்கொண்டு அந்த முதியவர் தம் மகளை நோக்கி..."

இல்லை. அவர் வரவில்லை. வரவேண்டும் என்று ஆசைப்பட்டது நான்தான்.

வந்திருந்தவன் அவரோடு கடலுக்குப் போகும் மரியஜான். கயிறு வாங்க வந்த இடத்தில் கூட்டத்தைக் கண்டு நின்றான்.

இஸ்ரவேல் மட்டும் ஏறினான். ஓரங்களை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எலிசா கரையில் நின்று கத்தினாள்.

"கயித்த இடப்பக்கம் கெட்டுங்க!"

அவன் வலப்பக்கம் கட்டினான்.

"இடப்பக்கம்! சோறு தின்னாத கை!"

அவன் அவிழ்த்தான், கயிறு சிக்கிக்கொண்டது. பாய் ஈரத்துணி போலத் தொங்கியது. வள்ளம் நின்ற இடத்திலேயே வட்டம் சுற்றியது. கரையில் சிரித்தார்கள். எலிசா மணலில் ஓடினாள். முழங்கால் தண்ணீருக்கு வந்தாள், இடுப்புத் தண்ணீருக்கு வந்தாள்.

"அப்பிடி முடிஞ்சா எந்தக் காலத்துலயும் காத்துப் பிடிக்காது! இஞ்ச தாங்க!"

ஒரே எம்பலில் ஏறி, அவன் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினாள். கரையில் சிரிப்பு நின்றுபோனது. மரியஜான் வாங்கிய கயிற்றை அங்கேயே போட்டுவிட்டுக் குளச்சலுக்கு ஓடினான்.

முடிச்சைப் போட்டு நிமிர்ந்த பிறகுதான், கால் பலகையின் மேல் இருப்பது எலிசாவுக்குத் தெரிந்தது. குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். அந்த நேரத்தில் பாய் ஒருமுறை உதறிக்கொண்டு, விம்மி விரிந்தது. வள்ளம் லேசாகச் சாய்ந்தது. கவிழவில்லை. தண்ணீரை இரண்டாகக் கிழித்துக்கொண்டு பொழியின் நடுவே போனது.

"கொள்ளாமா?" என்று கேட்டான் இஸ்ரவேல், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

"கண்ணத் தொறந்து பாருங்க" என்றாள் அவள்.

6

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் மரியஜான் ஓடிக்கொண்டிருக்கிறானே.

மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது சிலுவைதாசன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"ஓய், உமக்க மவ வள்ளத்துல ஏறிட்டா!"

அவர் தலை நிமிரவில்லை. ஒரு கண்ணி, இரண்டு கண்ணி பின்னினார். பிறகு மெல்லக் கேட்டார்:

"பாய் காத்துப் பிடிச்சுதா?"

மரியஜானுக்குத் தெரியாது. அவன் பாய் விரியும் முன்பே ஓடிவந்தவன். அதற்கப்புறம் சிலுவைதாசன் எழுந்தாரா, வலையிலேயே குனிந்துவிட்டாரா என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றையும் கிழித்துவிட்டேன். பதில் தெரியாமல் அவர் எப்படி எழுவார்?

கடைசிவரை கரையில் நின்று பார்த்தவர் நீங்கள்தான். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து குளச்சலுக்குக் கடலோரமாகவே நடந்து போய்விடலாம். நீங்களே போய் அவரிடம் சொல்லுங்கள்.