தொண்டை யாருடையது

தொண்டையில் ஏதோ அடைக்கிறது என்று என் வீட்டுக்காரர் முதன்முதலில் சொன்னது ஆகஸ்ட் மாதம். நவம்பருக்குள் மூன்று டாக்டர்களைப் பார்த்துவிட்டோம். ஒருவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். ஒருவர் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி எதையோ குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார். மூன்றாமவர் மயக்க மருந்து கொடுத்து இரைப்பை வரை கேமராவை இறக்கினார். மூன்று பேரும் சொன்னது ஒரே வார்த்தை: நார்மல். நான் நர்ஸ். அது நல்ல வார்த்தை என்று நோயாளிகளிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அந்த மூன்று மாதத்தில் அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாவப்பழக் கொட்டை மாதிரி இருக்கு அமலி," என்பார் ஏசுராஜ். "முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல."

சோறு இறங்கும். தண்ணீர் இறங்கும். சும்மா எச்சில் விழுங்கினால்தான் அங்கே ஒன்று உட்கார்ந்திருக்கும். அவருடைய அப்பா தொண்டைப் புற்றுநோயில் போனவர். அவர் வெற்றிலையும் புகையிலையுமாக வாழ்ந்த மனிதர், நீங்கள் பாக்குகூடத் தொட்டதில்லையே என்று நான் சொன்னால் தலையை ஆட்டுவார். பிறகு பாத்ரூமுக்குப் போய், கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பதினான்கு பவுண்டு எடை குறைந்துவிட்டது. எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. வீட்டில் வாய்க்குள் பாடிக்கொண்டிருப்பதைக்கூட அவர் நிறுத்திவிட்டார்.

ஏசுராஜ் தூத்துக்குடி துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி, கிரேன் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்கிற வேலை. அதே தொண்டையை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவை நடத்துவார். வருகைப் பாடலின் முதல் அடியை அவர் எடுத்தால் போதும், கடைசி வரிசையில் தூங்குகிறவன் எழுந்து நின்றுவிடுவான். நான் அவரைக் கட்டிக்கொண்டதே அந்தக் குரலுக்காகத்தான். மூஞ்சிக்காக என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்துக்கொள்ளட்டும்.

தொண்ணூற்றைந்தில் எனக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்து ஜெர்சி சிட்டிக்கு வந்தோம். அவருக்கு சீகாக்கஸில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை அமைந்தது. இங்கிலீஷ் வாசிப்பார், எழுதுவார், டிவி செய்தி முழுக்கப் புரியும். பேசத்தான் கூச்சம். அதனால் நான் பேசினேன். பாங்கில், லைசென்ஸ் ஆபீஸில், மகள் ரெனிஷாவின் ஸ்கூலில், அபார்ட்மென்ட் மேனேஜரிடம், எல்லா இடத்திலும் நான்தான். அவர் வாயைத் திறந்து முதல் வார்த்தையைத் தேடுவதற்குள் நான் நாலு வாக்கியம் சொல்லி முடித்திருப்பேன். வேலை சீக்கிரம் முடிந்தது. ஒருநாள் ரெனிஷா டிவி ரிமோட்டை அவர் பக்கம் நீட்டி அழுத்தி, "மாம், டாட் இஸ் ஆன் மியூட்," என்றாள். ஏழு வயசுக்கு என்ன வாய் பாருங்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார்.

என்னோடு ஒரே வார்டில் வேலை பார்ப்பவள் லின். மன்ஹாட்டன் சைனா டவுனில் அவளுடைய அப்பா சீன வைத்தியர். மத்தியானச் சாப்பாட்டின்போது நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "சாப்பிட்டால் இறங்குகிறது, எச்சில் விழுங்கினால் நிற்கிறது, அப்படித்தானே?" என்று கேட்டாள். "அது ப்ளம் பழக் கொட்டை. என் அப்பாவிடம் மாதத்துக்கு இரண்டு பேராவது அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்."

நாவல்பழக் கொட்டை பற்றி நான் அவளிடம் மூச்சு விட்டிருக்கவில்லை. எனக்குச் சீன வைத்தியத்தில் துளி நம்பிக்கை கிடையாது. ஆனால் நார்மல் என்று சொன்ன மூவரும், அவருக்கு இருப்பது என்ன என்று சொல்லவில்லை. இவள் பெயரோடு சொல்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை ரெனிஷாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஜர்னல் ஸ்கொயரில் ரயில் ஏறினோம். கடைசி ஸ்டேஷனில் இறங்கி, குளிரில் அரைமணி நேரம் நடந்தோம். முன்பக்கம் மருந்துக் கடை, பின்பக்கம் வைத்தியர் அறை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர டிராயர்கள். அதிமதுரமும் சுக்கும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் சேர்ந்த வாசனை. "நம்ம ஊரு நாட்டு மருந்துக் கடையேதான்," என்றார் ஏசுராஜ். அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

லின்னின் அப்பாவுக்கு எழுபது வயது இருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். சீன மொழி மட்டும்தான் பேசுவார். அவர் சொல்வதை லின் இங்கிலீஷில் சொல்ல, அதை நான் தமிழில் சொல்ல வேண்டும். ஏசுராஜுக்குத்தான் இங்கிலீஷ் புரியுமே, நான் எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

பெரியவர் முதலில் நாடி பிடித்தார். நான் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குகிறவள். இவர் மூன்று விரலை வைத்து, ஒவ்வொரு கையிலும் மூன்று நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். ஓரங்களைப் பார்த்தார், அடியில் பார்த்தார். லின்னிடம் ஏதோ கேட்டார்.

"எப்போது ஆரம்பித்தது?"

"ஆகஸ்ட்," என்றேன்.

"வலி உண்டா? நகருமா, ஒரே இடத்தில் இருக்குமா?"

"வலி கிடையாது. சில நாள் விலாப் பக்கம் அழுத்தும், சில நாள் நெஞ்சுக்கு வந்துவிடும். நகரும்," என்றேன்.

"பெருமூச்சு விடுவாரா?"

"அதற்கென்ன, நாள் முழுக்க."

பெரியவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். ஒரு சின்ன வாக்கியம் சொன்னார். லின் அதை உடனே சொல்லவில்லை. அவள் முகம் சிவந்துவிட்டது.

"என்ன சொல்கிறார்?"

"ஸாரி அமலி. தொண்டை யாருடையது என்று கேட்கிறார்."

எனக்குச் சுருக்கென்றது. வார்டில் இதை எவனாவது என்னிடம் சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். ஏசுராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசைக்குக் கீழே சிரிப்பு மாதிரி ஒன்று தெரிந்தது.

பெரியவர் அவரை நேராகப் பார்த்துக் கேட்டார். லின் சொன்னாள்: "இது வருவதற்கு முன்னால் வீட்டில் என்ன நடந்தது? ஏதாவது சொல்ல வந்து சொல்லாமல் விட்டாரா?"

நான் தமிழில் சொன்னேன். அவர் எச்சில் விழுங்கினார். கழுத்தில் குரல்வளை முடிச்சு மேலே ஏறி இறங்கியது. எனக்குப் பதில் சொல்லிவிட வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"ஆட்ரியன் போன் பண்ணாருல்லா," என்றார் என்னைப் பார்த்து, மெதுவாக. "தமிழ்ப் பூசைக்கு பாட்டு நடத்த நான் வரணும்னு. நீ முடியாதுன்னுட்டே. நான் அங்கனதான் நின்னேன். வெங்காயம் வெட்டிட்டு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல நீ."

மாதத்துக்கு ஒருமுறை இங்கே சர்ச்சில் நடக்கும் தமிழ்ப் பூசை, அதை ஏற்பாடு செய்கிறவர் ஆட்ரியன். ஆகஸ்ட்டில் ஆட்ரியன் போன் செய்தது உண்மை. அவருக்கு வீக்கெண்ட் வேலை இருக்கிறது, டிரைவிங் டெஸ்ட் வேறு இருக்கிறது என்று நான் அடுக்கியதும் உண்மை. இரண்டும் சாக்கு. பூசைக்கு வருகிறவர்கள் எல்லாம் பார்சிப்பனியில் ஆபீஸ் வேலை பார்க்கிறவர்கள். பூசை முடிந்து காபி குடிக்கும்போது, பிரதர் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பார்கள். பெட்டி அடுக்குகிறேன் என்று அவர் சொல்ல வேண்டிவரும், பாவம் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கூச்சப்பட்டிருக்க மாட்டார். கூச்சம் எனக்குத்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

"என்ன சொன்னார்?" என்றாள் லின்.

இப்போது நான் இதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். நாளை காலை என்னோடு ஒரே வார்டில் நிற்கப்போகிறவளிடம். "வேலையில் ரொம்ப அலுப்பு என்கிறார்," என்று ஆரம்பித்தேன்.

ஏசுராஜ் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. இதையும் நீயே சொல்லிவிடுவாயா என்று கேட்கிற பார்வை. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

"இல்லை," என்றேன். "அப்படிச் சொல்லவில்லை. பாட வா என்று ஒருவர் இவரைக் கூப்பிட்டார். நான் இவரைக் கேட்காமலே வரமாட்டார் என்று சொல்லிவிட்டேன். அதைச் சொன்னார்."

சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. லின் அதைச் சீன மொழியில் சொன்னாள். பெரியவர் தலையசைத்தார். நாங்கள் மழை பெய்கிறது என்று சொல்லியிருந்தாலும் அப்படித்தான் அசைத்திருப்பார்.

பிறகு விளக்கினார். உடம்பில் ஓடுவது இரண்டு. ஒன்று ரத்தம். இன்னொன்றுக்கு அவர் சொன்ன சீனச் சொல்லை லின் எனர்ஜி என்றாள். மூச்சு என்பதா, சக்தி என்பதா என்று தடுமாறிவிட்டு நான் வாய்வு என்றேன். ஏசுராஜுக்கு உடனே புரிந்துவிட்டது. வாய்வு முன்னால் போகும், ரத்தம் அதன் பின்னால் போகும். மனசில் இருப்பதை வெளியே விடாமல் அமுக்கினால் முதலில் தேங்குவது வாய்வு. அப்போது உப்பும், அழுத்தும், இடம் மாறிக்கொண்டே இருக்கும், பெருமூச்சு வரும். அதைக் கவனிக்காமல் வருஷக்கணக்கில் விட்டால், வழிகாட்டி இல்லாத ரத்தமும் தேங்கிவிடும். அப்போது வலி ஒரே இடத்தில் ஊசியாகக் குத்தும், நாக்கு ஊதா நிறமாகிவிடும்.

"இவருக்கு நாக்கு இன்னும் சிவப்புதான். நாடி மட்டும் வில்லின் நாண் மாதிரி விறைத்து நிற்கிறது," என்றாள் லின். "வாய்வோடு நிற்கிறது. நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்கிறார். கேமரா விட்டுப் பார்த்த டாக்டர்கள் சொன்னதும் சரிதானாம். அங்கே கட்டி எதுவும் இல்லை."

நான் நம்பினேனா என்று கேட்டால் தெரியாது. ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். ஆபரேஷன் ஆன ஆளை மறுநாளே எழுப்பி வராந்தாவில் நடக்க வைப்பது என் வேலை. வலிக்கிறது, நாளைக்கு நடக்கிறேன் என்று கெஞ்சுவார்கள். விடமாட்டேன். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும். அப்படி எத்தனை பேரை நடக்க வைத்திருக்கிறேன். வீட்டில் ஒருத்தரை இரண்டு வருஷமாகப் படுக்கவைத்து, எல்லாவற்றையும் நானே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெரியவர் கஷாயத்துக்குப் பட்டையும் இலையும் இஞ்சியும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வாசல் வரை வந்து ஏசுராஜின் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். "மருந்து பாதிதான். மீதியை இவர் வாயால் வெளியே விட வேண்டும்," என்றாள் லின். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது ரயில் கிளம்பியதும் அவர் ஆரம்பித்தார்.

"ஸ்கூல் மீட்டிங்ல அந்த டீச்சர் எங்கிட்டதான கேட்டா, பிள்ளை வீட்ல படிக்காளான்னு? நீ எதுக்கு சொன்னே?"

"தப்புதான்," என்றேன்.

"லைசென்ஸ் ஆபீஸ்ல என் பேரைக்கூட நீதான் சொன்னே. என் பேரு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"கிடங்குல எனக்கு நாலு ஃபிரெண்ட்ஸ் இருக்காங்க, தெரியுமா? டாமினிக்கன்காரன் ஒருத்தன். அவன் இங்கிலீஷ் என்னதைவிட மோசம். நாள் பூரா பேசுதோம் நாங்க!"

ஆற்றுக்குக் கீழே ரயில் கடகடவென்று போக, அவர் குரல் அதற்கு மேலே ஏறியது. கிரேன் சத்தத்துக்கு மேலே ஏறிய அதே குரல். இரண்டு வருஷமாக நான் கேட்காத குரல். பெட்டி அடுக்குவது ஒன்றும் கேவலம் இல்லை, உனக்குத்தான் அது கேவலம் என்று அவர் அடித்துச் சொன்னபோது நெஞ்சில் குத்தியது. ஆனாலும் நிறுத்திவிடக் கூடாதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. எதிர் சீட்டில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள்.

கண்டக்டர் வந்து நின்றார். கண் கலங்கியிருந்த என்னைப் பார்த்து, "மேடம், எல்லாம் சரிதானே?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். கண்டக்டருக்கு என் பக்கத்தில் இருந்தவரைக் காட்டினேன்.

ஏசுராஜ் ஒரு நிமிஷம் வார்த்தை தேடினார். நான் காத்திருந்தேன். எடுத்துக் கொடுக்காமல் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

"நோ ப்ராப்ளம், சார்," என்றார் உரத்த குரலில். "டூ இயர்ஸ் ஐ ஆம் நாட் டாக்கிங். டுடே ஐ ஆம் டாக்கிங். ஷீ இஸ் மை வைஃப். ஷீ இஸ் லிசனிங்."

கண்டக்டர் சிரித்துவிட்டார். "கேரி ஆன், சார்," என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

ஏசுராஜ் சாய்ந்து உட்கார்ந்து எச்சிலை விழுங்கிப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கழுத்தையே பார்த்தேன்.

"போயிட்டா?"

"இருக்கு," என்றார் யோசித்துவிட்டு. "ஆனா கொஞ்சம் கீழ எறங்கியிருக்கு. ஆட்ரியனுக்கு நானே போன் பண்ணுதேன். நம்பரை மட்டும் குடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த ஆளுகிட்ட இங்கிலீஷ் சரியாச் சொன்னேனா?"

நாலு திருத்தம் என் நாக்கு நுனி வரை வந்து நின்றது. விழுங்கினேன். எனக்கு ஒன்றும் அடைக்கவில்லை.

"நல்லாச் சொன்னீங்க," என்றேன்.