வெள்ளை மாறாத கிழங்கு

ஆய்வாளர் லாம்ப்டி படகிலிருந்து இறங்கியபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. காற்றுக் காலத்து வோல்டா ஏரி யாருக்கும் மரியாதை தராது. தலைநகர் அக்ராவிலிருந்து வரும் அதிகாரி என்று அதற்குத் தெரியவா போகிறது? காலையில் குடித்த கஞ்சியை ஏரிக்கே கொடுத்துவிட்டுத்தான் மனிதர் கரை சேர்ந்திருந்தார். கூட்டிப்போக வந்திருந்த எனியோனம் டீச்சருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

சந்தோஷத்துக்குக் காரணம் உண்டு. அவளுடைய பள்ளியில் உயிரியல் செய்முறைத் தேர்வு நடத்த அனுமதி கிடையாது. வருடா வருடம் பிள்ளைகள் இதே படகில் அக்கரைப் பள்ளிக்குப் போய்த்தான் எழுத வேண்டும். போன வருடம் காற்று கிளம்பி, படகு மூன்று மணி நேரம் தாமதமாகி, போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். ஐந்து பேருக்கு ஒரு வருடம் போயிற்று. அதில் நான்கு பேர் படிப்பையே விட்டுவிட்டார்கள். கஃபுயி மட்டும் திரும்பி வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கு ஒரே ஒரு செய்முறையைப் பார்த்து லாம்ப்டி திருப்திப்பட்டால், இந்த வருடத் தேர்வு இங்கேயே நடக்கும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் மறுபடியும் படகு.

பள்ளியில் இருப்பது ஒரே ஒரு நுண்ணோக்கி. அதிலும் விளக்கு எரியாது. ஆனால் அவர்கள் ஊரான கிராச்சியில் பெருவள்ளிக் கிழங்குக்குப் பஞ்சமில்லை. பச்சைக் கிழங்கைத் தோல் சீவி, கிண்ணம் போலக் குடைந்து, உள்ளே சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, வெறும் தண்ணீர் உள்ள தட்டில் நிறுத்த வேண்டும். உள்மட்டத்தில் ஓர் ஊசியைக் குத்தி வைக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் தட்டுத் தண்ணீர் கிழங்கின் உயிரணுச் சவ்வுகள் வழியாக உள்ளே போய், மட்டம் ஊசியைத் தாண்டி ஏறும். சவ்வூடு பரவல். ஆறு கிண்ணம் பச்சை, ஒன்று மட்டும் வேகவைத்தது. வெந்தது செத்தது, அதில் ஏறாது என்று காட்டுவதற்காக.

நல்ல கத்தி சமையற்கட்டில்தான் இருந்தது. அதனால் குடையும் வேலையைச் சமையற்காரி டாவி அக்பெனெயிடம் ஒப்படைத்திருந்தாள்.

ஊர் வழக்கப்படி, வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். அப்புறம் வந்த காரியத்தைக் கேட்க வேண்டும், அவர் சொல்ல வேண்டும், நாம் நம் ஊர் சேதி சொல்ல வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த காரியத்தைத் தலைமையாசிரியர் அக்பெகோ அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். எனியோனமும் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. அதற்குள் வகுப்பில் பிள்ளைகள் கிண்ணங்களை வாங்கி, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, ஊசியும் குத்திவிட்டார்கள். அவள் ஓடிவந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. அப்படித்தான் நினைத்தாள்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முதல் மேசையில் மட்டம் ஏறவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் கொஞ்சம் இறங்கியே இருந்தது. மற்ற மூன்றிலும் அதே கதைதான்.

அக்பெகோ காதருகே வந்தார். "என்ன டீச்சர், ஏறலியா? கிண்ணத்துக்கொரு கரண்டி சர்க்கரைத் தண்ணிய ஊத்தி விடுங்க. நான் அவரை ஜன்னல் பக்கம் கூட்டிட்டுப் போய் ஏரியைக் காட்டுறேன்."

"அவர் ஏரியைப் பார்த்த வரைக்கும் போதும் சார்."

சொல்லிவிட்டாளே தவிர, கை தானாகச் சர்க்கரைத் தண்ணீர்க் குவளைப் பக்கம் போயிற்று. ஆறு கரண்டிதானே. யாருக்குத் தெரியப்போகிறது?

அதற்குள் லாம்ப்டி நோட்டுகளைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். 'மட்டம் ஏறியது.' அடுத்ததிலும் 'ஏறியது.' இன்னொரு கெட்டிக்காரன் மூன்று மில்லிமீட்டர் என்று அளந்தே எழுதியிருந்தான். புத்தகத்தில் ஏறும் என்று போட்டிருந்தால் ஏறித்தானே ஆக வேண்டும்? பதினேழு நோட்டிலும் தண்ணீர் ஏறியிருந்தது. பதினெட்டாவது கஃபுயியுடையது. 'ஏறவில்லை. ஏன் என்று தெரியவில்லை.'

"ஏம்மா, எல்லாருக்கும் ஏறியிருக்கு. உனக்கு மட்டும் என்னாச்சு?"

பக்கத்தில் இருந்தவள் மேசைக்கடியில் அவளை உதைத்தாள். கஃபுயி காலை நகர்த்திக்கொண்டாள். "யாருக்கும் ஏறல சார். வந்து பாருங்க."

எனியோனம் குவளையைக் கீழே வைத்தாள். தான் செய்யப்போன காரியத்தை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. கிழங்கைக் கையில் எடுத்துத் திருப்பினாள். குடைந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, பல் மாதிரி வெள்ளையாக இருக்கிறது. பச்சைக் கிழங்கு இதற்குள் கறுத்திருக்க வேண்டாமா?

"டாவியைக் கூப்பிடுங்க!"

டாவி அக்பெனெ திருநாளுக்குக் கட்டும் புதுத்துணியில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"டாவி, ஒண்ணைத்தானே வேகவைக்கச் சொன்னேன்?"

"ஒண்ணைத்தான் வேகவெச்சேன். மத்ததுக்கு உப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணிய ஊத்தி, கால் மணி மூடி வெச்சேன், அவ்வளவுதான். இல்லேன்னா கறுத்துப் போகுமே? அக்ராலேருந்து வந்த மனுஷன் முன்னாடி கறுத்த கிழங்கை நீட்டச் சொல்றியா? இந்த ஊர்ல பொம்பளைங்களே இல்லியான்னு கேட்டுட்டுப் போவாரு!"

லாம்ப்டி சட்டென்று கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா, ஏரியின் மிச்சமா, தெரியவில்லை.

"கிழங்கைக் கொன்னுட்டீங்க டாவி." எனியோனத்துக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. "ஒவ்வொரு உயிரணுவையும் சுத்தி ஒரு சவ்வு இருக்கு. ரெண்டே வரிசைக் கொழுப்பு மூலக்கூறுங்க. தலையெல்லாம் தண்ணிப் பக்கம், வாலெல்லாம் உள்ள ஒளிஞ்சிருக்கும். நடுநடுவுல புரதத்துல வாசல். தண்ணி போகலாம், வரலாம். சர்க்கரை அதுபாட்டுக்குத் தாண்ட முடியாது, அதுக்கான வாசல் திறந்தாத்தான் உண்டு. கொதிதண்ணி பட்டதும் எல்லாம் குலைஞ்சு போச்சு. இப்ப எது வேணா வரும், எது வேணா போகும்."

"சர்க்கரையுமா வெளிய போயிருச்சு?" டாவி நம்பவில்லை. தட்டுத் தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். சமையற்காரியின் நாக்குப் பொய் சொல்லாது. "அடி ஆத்தீ! இனிக்குது!"

பதினேழு பேர் சத்தமில்லாமல் நோட்டில் எழுதியதை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

லாம்ப்டி மணி பார்த்தார். "படகு ரெண்டு மணிக்கு. மறுபடி வைக்க எவ்வளவு நேரமாகும்?"

"ஒன்றரை மணி நேரம் சார். கிழங்கு குடைய பத்து நிமிஷம்." இப்போதே பன்னிரண்டரை தாண்டிவிட்டது. "அடுத்த படகு நாளைக்குக் காலைலதான். உங்க இஷ்டம் சார்."

வெளியே தகரக் கூரையைக் காற்று தடதடவென்று தூக்கிப் போட்டது. லாம்ப்டி கஃபுயியைப் பார்த்தார். "நீ அந்தப் படகுல போயிருக்கியாம்மா?"

"போன வருஷம் சார். கரை சேர்ந்துட்டோம். பரீட்சைதான் முடிஞ்சிருந்துச்சு."

அவர் காலணியைக் கழற்றி நாற்காலிக்கடியில் தள்ளினார். "கிழங்கை வெட்டுங்க. கறுத்தாப் பரவால்ல."

கறுக்கத்தான் கறுத்தது. டாவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு முறை தன் மேல்துணியை எடுத்துக் கிழங்கை மூடப் போனாள், இரண்டு முறையும் எனியோனம் பிடுங்கினாள். "அசிங்கமா இருக்கு டீச்சர்." "உயிரோட இருக்கு டாவி."

இரண்டு மணிக்குப் படகு ஊதிவிட்டுப் போயிற்று. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பதினெட்டுத் தலையும் ஆறு கிண்ணத்தின் மேல் கவிழ்ந்திருந்தன. புத்தகம் என்ன சொன்னாலும், இந்தத் தடவை ஒரு பேனாவும் முந்திக்கொள்ளவில்லை.

"மேடம்," என்றாள் கஃபுயி மெதுவாக, "ஊசி முங்கிடுச்சு."

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எழுது."

லாம்ப்டியும் படிவத்தை எடுத்து எழுதினார். அக்பெகோ எட்டிப் பார்த்ததைக் கண்டுகொள்ளாமல், அதைக் கஃபுயியிடம் நீட்டினார். "சரியா எழுதியிருக்கேனான்னு நீயே பாரும்மா."

தேர்வு மையம் என்ற இடத்தில் அவர்கள் பள்ளியின் பெயர் இருந்தது. கஃபுயி இரண்டு முறை படித்தாள். அப்புறம்தான் அழுதாள்.