பத்தாவது ஆள்

“பதினெட்டு வருஷம்டா. ஒரு வரி எழுதித் தர உனக்குக் கை வலிக்குதா?”

“எழுதிக் குடுத்துட்டு நான் எங்க போய் நிக்கறது? அதையும் நீயே சொல்லிடு.”

துணி வெட்டும் மேஜைக்கும் என் இஸ்திரி மேஜைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். காலையில் மெஷின்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது. நான் ஒரே காலரை நாலு தரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்தவர்கள் எங்கள் தையல் பட்டறை முதலாளியும் அவருடைய கூடப்பிறந்த அக்காவும். எங்கள் எல்லோருக்குமே அவர் அக்காதான்.

எங்கள் தெருவில் நாற்பது பட்டறையாவது இருக்கும். எதிலும் ஒன்பது பேருக்கு மேல் கிடையாது. வேலை இல்லாமல் அல்ல. பத்தாவது ஆள் பதிவேட்டில் ஏறினால் பட்டறை தொழிற்சாலை ஆகிவிடும். இரண்டாவது மாடிப்படி, தனிக் கழிப்பறை, வேறு உரிமம், ஓயாத சோதனை. தொழிலாளி நன்றாக இருக்கட்டும் என்று போட்ட சட்டம், அந்த எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாடகைக் கட்டடத்தில் இரண்டாவது படியை எங்கே கட்டுவது? அதனால் எவ்வளவு ஆர்டர் வந்தாலும் ஒன்பது பேரால் முடிந்ததை வாங்கிக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் பட்டறையில் பத்தாவது ஆள் அக்கா. வெட்டுவது முழுக்க அவர்தான். அவர் வெட்டாமல் ஒரு மெஷினும் ஓடாது. பதிவேட்டில் மட்டும் அவர் இல்லை.

சோதனை அதிகாரியின் ஸ்கூட்டர் தெருவுக்குள் திரும்பினால் முனைக் கடையிலிருந்து போன் வரும். அக்கா கத்தரியை வைத்துவிட்டு, செருப்பை மாட்டி, கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்பக்கம் வந்து நிற்பார். முதலாளி டேப்பை எடுத்து, “மேடம், கைய கொஞ்சம் தூக்குங்க” என்பார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்துகொள்வோம். ஒருமுறை அக்கா, போன தடவை இடுப்பைப் பிடிக்கிற மாதிரி தைத்துவிட்டீர்கள் என்று அதிகாரி முன்னாலேயே தம்பியை ஒரு பிடி பிடித்தார். அதிகாரியும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டு முதலாளிக்கு அறிவுரை சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம்.

இப்போது அக்காவுக்குச் சொந்தமாகக் கடை வைக்க ஆசை. பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு அறை காலியாக இருக்கிறது. மாதக் கடைசிக்குள் உரிமத்தைக் காட்டினால் அறை அவருக்கு. உரிமம் வேண்டுமென்றால், பதிவான பட்டறையில் ஐந்து வருஷம் வேலை பார்த்ததாக முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அரைகுறையாகக் கற்றவரிடம் துணி கொடுத்து ஜனங்கள் ஏமாறக்கூடாதாம். அதுவும் நல்ல எண்ணம்தான்.

முதலாளி அந்தக் கடிதத்தை எழுதினால் பதினெட்டு வருஷமாகப் பத்துப் பேரை வைத்திருந்ததை அவரே ஒப்புக்கொண்ட மாதிரி.

“அந்தக் கடுதாசி உனக்கு லைசென்ஸ். எனக்குப் பூட்டு,” என்றார். “பொண்டாட்டி புள்ளையோட உன் கடை வாசல்ல வந்து உக்காரவா?”

பதிவான தொழிலாளி ஒருவர் நேரில் வந்து, இவருக்குத் தொழில் தெரியும் என்று சொன்னால் சில நேரம் கடிதம் இல்லாமலே விடுவார்கள் என்று அக்காவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். எங்களை ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோருக்கும் அன்றைக்கென்று ஒரு வேலை வந்துவிட்டது. எனக்கு முதுகுவலி வந்தது. காஜாக்காரர் மட்டும் எழுந்தார். சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிறவர், ஒரு கால் கொஞ்சம் குட்டை. எனக்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர்.

உரிமம் கொடுக்கிற ஆபீஸில் நடந்ததை அவர்தான் அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தது எங்கள் சோதனை அதிகாரியேதான். புதிதாக அந்தப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அக்காவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“மேடம், நீங்க அந்தப் பட்டறை கஸ்டமர்தானே? உங்களுக்கு அளவெடுத்தத நானே பாத்திருக்கேனே.”

அக்கா விரலில் கத்தரி காய்த்த இடத்தைக் காட்டியிருக்கிறார். காய் நறுக்கினாலும் அது வரும் என்றாராம் அதிகாரி. துணியும் கத்தரியும் கொடுங்கள், இங்கேயே வெட்டிக் காட்டுகிறேன் என்று கேட்டதற்கு, படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றாராம். காஜாக்காரர் பொறுக்க முடியாமல் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்திருக்கிறார். அக்கா அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டார். சொன்னால் மறுநாள் பட்டறைக்குச் சீல், ஒன்பது பேரும் தெருவில்.

மறுநாள் காலை முதலாளிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உங்கள் ஆள் பொய்ச் சாட்சி சொல்ல வந்தான் என்று அதிகாரி போன் செய்துவிட்டார். முதலாளி கத்தவில்லை. பதிவேட்டை எடுத்து வந்து வெட்டும் மேஜையில் விரித்தார்.

“இன்னிக்கே உன் பேர ஏத்திடறேன்க்கா. அஞ்சு வருஷம் கழிச்சு நானே கடுதாசி தரேன். கஸ்டமரே வேலைக்குச் சேந்துட்டாங்கன்னு அந்தாளுகிட்ட சொல்லிக்கலாம்.” யாரும் சிரிக்கவில்லை. “ஆனா ஒம்பது ஒம்பதுதான். யார எடுக்கறதுன்னு நீயே சொல்லு.”

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நான் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அக்கா பதிவேட்டில் ஒவ்வொரு பெயராக விரலை வைத்துக்கொண்டே போனார்.

“உனக்காக ஆபீஸ் வரைக்கும் வந்தானே,” என்று முதலாளியே எடுத்துக் கொடுத்தார். “இதையும் செய்ய மாட்டானா என்ன?”

“அவர் பேரையே அடிச்சிடு,” என்றார் அக்கா, அவரைப் பார்க்காமல். “கால் வேற சரியில்ல. எப்படியும் ரொம்ப நாள் ஓட்ட முடியாது.”

காஜாக்காரர் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். பன்னிரண்டு சட்டைக்குக் காஜா பாக்கி, குறி போட்டு வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். முதலாளி அவரை நிறுத்தி, கேட்காமலே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷ அனுபவம், நல்ல உழைப்பாளி, கீழே கையெழுத்து, முத்திரை. அதை எழுதுவதில் அவருக்கு ஒரு பயமும் இல்லை. அக்கா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் பெயர் வரவில்லை என்று அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் சாப்பாடு இறங்கவில்லை.

காஜாக்காரருக்கு வெட்டத் தெரியாது. கடை வைக்கிற ஆசையும் கிடையாது. ஆனால் கடிதம் அவரிடம் இருக்கிறது. உரிமத்தை அவர் பெயரில் எடுத்து, இருவரும் சேர்ந்து அந்த அறையில் கடை போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. அக்கா போய்க் கேட்க மாட்டார், எந்த முகத்தோடு கேட்பார்? நான் போய்க் கேட்கலாம் என்றிருக்கிறேன். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, வெட்டுவது இன்னொருவராக இருந்தால் சட்டம் ஒத்துக்கொள்ளுமா? இதற்கும் ஏதாவது கட்டம் வைத்திருக்கிறார்களா? மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது. இப்படி உரிமம் எடுத்தவர்களோ விவரம் தெரிந்தவர்களோ யாராவது இருந்தால், தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள்.