உதட்டில் பட்ட கோப்பை

சீனாவின் அமோய் துறைமுகத்தில் இருந்த ஆங்கிலேயரின் தபால் நிலையத்தை மூடலாமா வேண்டாமா என்று ஹாங்காங்கில் வருடக்கணக்காகப் பேசினார்கள். கடைசியில் மூடுவதென்று முடிவானது. தபால் பைகளையும் ஆட்களையும் சீன அரசின் தபால் துறை ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்க பார்னெட் துரை வந்தார். மொழிபெயர்க்க, அதே நிலையத்தில் வேலை பார்த்த தியாம்ஹோக் உடன் போனான். ஆட்களுக்காகத் துரை கேட்கப்போகும் வேலைகளில் அவனுடையதும் ஒன்று.

சீனத் தபால் அதிகாரி ஷுவின் வீட்டு வாசலில் ஆங்கிலேயர் நிலையத்துத் தபால்காரர்கள் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவனான மைத்துனன் பூன்லாய் தியாம்ஹோக்கின் கையைப் பிடித்தான்.

"மச்சான், உள்ள போயி தொரைக்கு வாலாட்டிக்கிட்டு எங்க வயித்த மறந்துடாத."

"உன் தொப்பைய யாருடா மறக்க முடியும்? விடு."

உள்ளே தேநீர் வைத்தார்கள். யாரும் தொடவில்லை. சீன அதிகாரிகளின் வழக்கப்படி, கோப்பை யார் உதட்டில் பட்டாலும் பேச்சு முடிந்தது; வாசல்காவலன் குரல் கொடுப்பான், விருந்தாளி எழுந்துவிட வேண்டும். துரைக்கு இதை வழியிலேயே சொல்லி எச்சரித்திருந்தான் தியாம்ஹோக்.

பேச்சு பைகளையே சுற்றிச் சுற்றி வந்தது. கப்பலிலிருந்து இறக்குவது யார், நனைந்தால் யார் பொறுப்பு. இருவருடைய கோபத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லி அவன் தொண்டை வறண்டுவிட்டது. ஆட்களைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"சரி, நனைஞ்சா எங்க பொறுப்பு" என்றார் ஷு ஒருவழியாக.

அந்த நிம்மதியில் தியாம்ஹோக்கின் கை தானாகக் கோப்பையை எடுத்தது. ஆங்கிலேயரின் அலுவலகத்தில், தாகம் எடுத்தபோதெல்லாம் குடித்துப் பழகிய கை.

உதட்டில் சூடு பட்டதும்தான் அவனுக்கு உறைத்தது. வாசல்காவலன் கத்துவதற்கு மூச்சை இழுத்தான். ஷு எழப் போனார்.

தியாம்ஹோக் வேண்டுமென்றே கோப்பையைக் கீழே விட்டான்.

கோப்பை உடைந்து, தேநீர் ஷுவின் காலணியில் தெறித்தது. அவன் மண்டியிட்டான். "ஐயா, கை தவறிடுச்சு. ஒரு வாய்கூடக் குடிக்கல. வேற தேநீர் ஊத்தாம விருந்தாளிய அனுப்பிட்டீங்கன்னு ஊர் பேசக் கூடாது."

ஷு மறுபடி உட்கார்ந்தார். "பலே கெட்டிக்காரன். ஊத்துங்கடா."

புதுத் தேநீர் வந்தது. துரை ஆட்களைப் பற்றிக் கேட்டார். அதைக் கூடுதல் பணிவோடு சீனத்தில் சொன்னான் தியாம்ஹோக்.

"தபால்காரங்க எல்லாரையும் எடுத்துக்கறேன்" என்றார் ஷு. "நீ மட்டும் வேண்டாம். என் வீட்டுல வந்து வெள்ளைக்காரன் மாதிரி குடிக்கப் பாத்த. அப்புறம் கோப்பையையும் ஒடச்ச. சொல்லு அவர்கிட்ட."

"என்ன சொல்றாரு?" என்றார் துரை.

வாசலில் பூன்லாயின் தொப்பி தெரிந்தது.

"எல்லாரையும் எடுத்துக்கறாராம், தொரை."

துரை சிரித்தார். இனிப் பேச ஒன்றுமில்லை. தியாம்ஹோக் கோப்பையை இரண்டு கைகளாலும் எடுத்துச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான்.

"விருந்தாளி பொறப்படுறாரு!" என்று கத்தினான் வாசல்காவலன்.